சிவப்பு ரோஜா ஏன் மறுபடி பூக்கவில்லை? – கடிதம்

வணக்கம். அடிக்கடி பூக்கும் என்று சொன்னார்களே என்று ஒரு சிவப்பு ரோஜாப் புதரை வாங்கி வைத்தேன். முதல் வருடம் அப்படித்தான் பூத்தது. இரண்டு வருடமாக ஒரே ஒருமுறை கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டு நின்றுவிடுகிறது. கிளைகள் மட்டும் ஆளுயரம் போகின்றன. என்ன உரம் போடலாம்?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உரப் பையை எடுக்கும் முன் ஒன்று பாருங்கள். இப்போது பூப்பது முதல் வருடம் பூத்த அதே பூதானா?

எனக்கு அதில்தான் சந்தேகம். கடையில் வாங்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். வேர் ஒரு ரகம், மேலே பூப்பது இன்னொரு ரகம். வேருக்காகப் பரவலாகப் பயன்படும் ரகங்களில் ஒன்று ‘டாக்டர் ஹியூயி’. 1920-ல் விற்பனைக்கு வந்த கொடி ரோஜா அது. அடர் சிவப்புப் பூ, நீண்ட கிளை, வருடத்துக்கு ஒரே ஒரு பூப்பு. நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது, இல்லையா? மேலே உள்ள ரகம் நலிந்தால் வேர்ச்செடி தலைதூக்கிவிடும். உங்களுடையதும் சிவப்பு என்பதால் மாற்றம் கண்ணில் பட்டிருக்காது. மஞ்சள் ரோஜாவாக இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள்!

அடித்தண்டில் முடிச்சுபோல வீங்கிய இடம்தான் ஒட்டு. கொஞ்சம் மண்ணை விலக்கினால் தெரியும். அதற்குக் கீழிருந்து கிளம்புகிற கிளையெல்லாம் வேர்ச்செடியுடையது. ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டுக்கிளை, ஐந்து இலை இருந்தால் நல்ல கிளை என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். நல்ல ரகங்களிலும் ஏழு இலை வரும். கீழ்க்கிளையைக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும். பிறந்த இடத்தோடு பிய்த்தெடுங்கள்.

எல்லாக் கிளையும் ஒட்டுக்கு மேலிருந்துதான் வருகிறதா? அப்படியானால் வேறு கணக்கு. அடிக்கடி பூக்கும் ரோஜா புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வாடிய பூவை விட்டுவைத்தால் அது காயாகும், செடியின் சத்து விதைக்குப் போய்விடும். வாடியதும் நன்றாக வளர்ந்த ஓர் இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடுத்த பூப்புக்குச் சுமார் ஆறேழு வாரம் ஆகும். ‘நாக் அவுட்’ போன்ற சில ரகங்களுக்கு இந்த வேலைகூட வேண்டாம். ஆறு மணி நேர வெயில் மட்டும் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

உரம்? தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழிக்கும். இப்போதைக்கு எதுவும் போடாதீர்கள். ஒட்டுக்கு மேலே உயிருள்ள கிளை ஒன்றுகூட இல்லையென்றால் அந்தச் செடியை மீட்க வழியில்லை. அடுத்தமுறை, பதியன் போட்டோ குச்சி நட்டோ சொந்த வேரில் வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள்.