கணவருக்கு சுவொன், மனைவிக்கு சியோல்: வீடு எந்த நிலையத்தருகே?

கேள்வி: என் கணவருக்குத் தென்கொரியாவில், சுவொன் நகரிலுள்ள சங்கியுன்குவான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு அலுவலகம் சியோலில், ஜொங்கக் நிலையத்துக்குப் பக்கத்தில். பல்கலைக்கழகத்தை ஒட்டியே வீடு எடுத்துவிட்டால் முதலாம் லைனில் ரயில் மாறாமலே போய்விடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தினமும் போய்வர முடியுமா? மாதம் எவ்வளவு ஆகும்? வேறு இடம் பார்ப்பது நல்லதா?

பதில்: ரயில் மாறாமல் போகலாம் என்பது சரிதான். பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே முதலாம் லைனில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே ஏறினால் 22ஆவது நிறுத்தம் ஜொங்கக். ஆனால் சாதாரண வண்டியில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடப்பது, வண்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம். முதல் மாதம் பெரிதாகத் தெரியாது. பனிக்காலம் வந்ததும் தெரியும்.

என் யோசனை, வீட்டை கும்ஜோங் நிலையத்தருகே பாருங்கள். பல்கலைக்கழக நிலையத்திலிருந்து சியோல் பக்கமாக நான்காவது நிறுத்தம். உங்கள் கணவருக்குக் கால் மணி நேரப் பயணம், அதுவும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில். காலையில் எல்லோரும் வடக்கே சியோலுக்குப் போகும்போது அவர் தெற்கே போவார். உங்களுக்கு ஜொங்கக் ஐம்பது நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். நேரத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: கும்ஜோங்கில் நான்காம் லைனும் நிற்கிறது.

முதலாம் லைன் எப்படி உருவானது என்று தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். அது ஒரே லைனாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டதல்ல. 1899இல் இஞ்சியோன் பக்கம் போட்ட கொரியாவின் முதல் ரயில்பாதை, 1905இல் சியோலையும் பூசானையும் இணைத்த பாதை, இரண்டுமே நூறாண்டுக்கு மேல் பழையவை. 1974 ஆகஸ்ட் 15 அன்று சியோல் நிலையத்திலிருந்து சோங்னியாங்னி வரை 7.8 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்து, இவற்றை நகரத்துக்குள் கோத்துவிட்டார்கள். பிறகு லைன் இரு பக்கமும் நீண்டுகொண்டே போனது. 2008இல் தெற்கே சின்சாங் வரை, 2023 டிசம்பரில் வடக்கே யோன்சோன் வரை. இன்று 100க்கும் மேற்பட்ட நிலையங்கள். அவற்றில் சியோல் மெட்ரோவின் பொறுப்பில் இருப்பவை நகர நடுவிலுள்ள 10 மட்டும். மற்றவை கோரெயில் என்ற தேசிய ரயில் நிறுவனத்தின் கையில். இவ்வளவு நீளமான பாதையில் எங்கோ ஓர் இடத்தில் கதவு மூடவில்லை என்றாலும் தாமதம் உங்கள் நிலையம் வரை வந்து சேரும். கோரெயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் வண்டிகளின் இடைவெளி கூடும்.

அந்த மாதிரி நாளில் பல்கலைக்கழகத்தருகே குடியிருப்பவர் மேடையில் நிற்பதைத் தவிர பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கும்ஜோங்கில் இருப்பவர் நான்காம் லைனில் ஏறி, சாதாங், சாம்காக்ஜி வழியாகச் சியோல் நிலையம் போய், அங்கே முதலாம் லைனுக்கு மாறி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். கும்ஜோங்கில் படி ஏறி இறங்கவும் வேண்டாம். ஒரே மேடையின் ஒரு பக்கம் முதலாம் லைன், மறுபக்கம் நான்காம் லைன், இரண்டும் ஒரே திசையில். கதவு திறந்ததும் ஒரு கூட்டம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும், எதிரிலிருந்து இன்னொரு கூட்டம் இங்கே ஓடி வரும். முதல் நாள் மிரண்டுவிடாதீர்கள். ஓரமாக ஒதுங்கி நின்றால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும்.

இனி தவறு நேரும் இடங்கள். முக்கியமானது கூரோ. மாலையில் ஜொங்கக்கில் நீங்கள் நிற்கும் மேடைக்கே எல்லாத் தெற்கு வண்டிகளும் வரும். கணிசமானவை இஞ்சியோன் போகிறவை. அவை கூரோவில் மேற்கே பிரிந்துவிடும். உங்களுக்கு வேண்டியவை சின்சாங், சியோனான், பியொங்ஜோம், சியோதொங்தான் என்று பலகையில் ஓடும் வண்டிகள். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே அதே கருநீலம்தான். கூரோவுக்கு அடுத்து ‘காசான் டிஜிட்டல்’ என்று அறிவித்தால் சரியான வண்டி. ‘கூயில்’ என்று கேட்டால் இறங்கித் திரும்புங்கள். இஞ்சியோன் வண்டியில் ஏறிவிட்டது முன்கூட்டியே தெரிந்தால் கூரோ வரை போகாமல் சிந்தோரிமிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். அங்கே இரு பக்கத்துச் சாதாரண வண்டிகளும் ஒரே மேடைக்கு வரும்; கூரோவில் மேடை மாற வேண்டியிருக்கும். இரவு நேரமானால் கூரோவோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. பலகையில் ‘கூரோ’ என்று மட்டும் இருந்தால் அதை விட்டுவிடலாம்.

அடுத்தது விரைவு வண்டி. எல்லா நிலையங்களிலும் நிற்காத வண்டியை அங்கே ‘குப்ஹேங்’ என்பார்கள். சுவொன், அன்யாங் போன்ற பெரிய நிலையங்களில் நிற்கும், சிறியவற்றைத் தாண்டிப் போய்விடும். காலி இருக்கையைப் பார்த்த ஆசையில் ஏறிவிடாமல், உங்கள் நிலையத்தில் அது நிற்குமா என்று செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு அங்கே கூகுள் மேப்பைவிட நேவர் மேப்பும் ககாவ் மேப்பும்தான் கைகொடுக்கும்.

இருக்கை வேண்டுமென்றால் ஒரு சின்ன வழி. காலையில் சியோனான் பக்கமிருந்து வரும் வண்டி நெடுந்தூரம் ஓடி நிரம்பி வரும். பியொங்ஜோமிலோ சியோதொங்தானிலோ புறப்படுபவை சுவொனுக்குச் சற்றுத் தெற்கேதான் கிளம்புகின்றன, அதனால் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் முதியோருக்கான இருக்கைகள் உண்டு. காலியாக இருந்தாலும் இளவயதினர் உட்கார மாட்டார்கள். நீங்களும் உட்கார வேண்டாம். இளஞ்சிவப்பு இருக்கை கர்ப்பிணிகளுக்கானது.

நம்யோங்குக்கும் சியோல் நிலையத்துக்கும் நடுவே சில வண்டிகளில் சட்டென்று விளக்குகள் அணையும், ஏசி சத்தம் நிற்கும், வண்டி சத்தமில்லாமல் உருளும். பழுது இல்லை. வெளியே கோரெயில் பாதையில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம், சுரங்கத்துக்குள் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கொஞ்ச தூரம் கம்பியில் மின்சாரமே கிடையாது, ஓடி வந்த வேகத்திலேயே வண்டி கடக்கிறது. நான்காம் லைனில் இன்னும் வேடிக்கை. தேசிய ரயில் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் ஓடுவது, சியோல் மெட்ரோவின் மற்ற லைன்கள் வலப்பக்கம் ஓடுபவை. ஆகவே நம்தேரியோங்குக்கும் சியோன்பாவிக்கும் இடையில் இரு சுரங்கங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே கடக்கவிட்டுப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவது விளக்கு அணைவது மட்டும்தான்.

செலவு. 2025 ஜூன் 28 முதல், டி-மணி போன்ற அட்டையில் பெரியவர்களுக்கான அடிப்படைக் கட்டணம் 1,550 வோன். முதல் 10 கிலோமீட்டருக்கு அவ்வளவு, பிறகு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 வோன். பல்கலைக்கழக நிலையத்திலிருந்து ஜொங்கக்குக்கு 2,200 வோனை ஒட்டி வரும். மாதம் 22 வேலைநாள் என்றால் ஏறக்குறைய 97,000 வோன். கும்ஜோங்கிலிருந்து கொஞ்சம் குறையும். காலை ஆறரைக்கு முன்னால் ஏறினால் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரயிலிலிருந்து வெளியேறி 30 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் அது அதே பயணத்தின் தொடர்ச்சியாகவே கணக்காகும். ஆனால் பேருந்திலிருந்து இறங்கும்போதும் அட்டையைத் தொட வேண்டும். மறந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

சியோல் நகராட்சியின் ‘காலநிலை’ மாத அட்டை 62,000 வோன்தான் என்று யாராவது ஆசை காட்டினால் அவசரப்பட வேண்டாம். அது சியோலையும் சேர்ந்துகொண்ட சில அண்டை நகரங்களையும் மனதில் வைத்தது. செல்லுபடியாகாத நிலையத்தில் இறங்கினால் ஊழியரைக் கூப்பிட்டுத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்குப் பொருந்துவது 2024 மே மாதம் வந்த ‘கே-பாஸ்’. மாதம் 15 முறையாவது பயணித்தால் கட்டணத்தில் 20 சதவீதம், 34 வயதுக்குள் இருந்தால் 30 சதவீதம் திரும்ப வரும். வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வந்ததும் இதற்கான வங்கி அட்டையைப் பற்றி விசாரியுங்கள்.

சுவொன் நகரத்திலேயே இருக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருந்தால் சுவொன் நிலையத்துக்குப் பக்கமாகப் பாருங்கள். அங்கிருந்து முகுங்ஹ்வா என்ற நெடுந்தூர ரயிலில் சியோல் நிலையத்துக்கு அரை மணிக்குச் சற்றுக் கூட, 2,700 வோன். ஆனால் அது தனிச் சீட்டு. சியோலில் முதலாம் லைனுக்கு மாறும்போது மறுபடி 1,550. காலை நேர இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தினசரிக்கு விலை அதிகம், அவசரத்துக்கு நல்லது.

வீட்டுத் தரகர் கண்டிப்பாக ‘ஜிடிஎக்ஸ்-சி’ என்ற அதிவேக லைனைப் பற்றிச் சொல்வார். கும்ஜோங்கிலும் சுவொனிலும் அது நிற்கும் என்பது திட்டத்தில் உள்ளதுதான். 2024 ஜனவரியில் தொடக்க விழாகூட நடந்தது, ஆனால் கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனது. அதோடு, அந்தத் தடம் யாங்ஜே, சாம்சோங் என்று ஹான் ஆற்றுக்குத் தெற்கே சுற்றி சோங்னியாங்னிக்குப் போகிறது. ஜொங்கக்கைத் தொடவே தொடாது. அதற்காக வாடகையில் ஒரு வோன்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

சொந்தக்காரர் யாராவது கணவரைப் பார்க்க வந்தால் ‘சங்கியுன்குவான் பல்கலைக்கழகம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கலைப் பிரிவு வளாகம் சியோலில் ஹியேஹ்வா பக்கம் இருக்கிறது, அறிவியல் வளாகம்தான் சுவொனில். டாக்சிக்காரர் தவறான வளாகத்தில் இறக்கிவிட்டால் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.

கடைசியாக, அலுவலகத்தில் தாமதத்துக்கு விளக்கம் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். ரயில் தாமதமான நாளுக்குச் சான்றிதழை கோரெயில், சியோல் மெட்ரோ இணையதளங்களிலேயே எடுத்துக்கொள்ளலாம். லைன், திசை, நேரம், எத்தனை நிமிடத் தாமதம் என்று அதில் இருக்கும். அச்சடித்துக் கொடுத்தால் பெரும்பாலான அலுவலகங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.