டாக்டரிடம் கேளுங்கள்: கால்சியம் மாத்திரையும் இறால் தடிப்பும்

கேள்வி: மண்டபத்தில் இறால் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு 13 வயது. இறால் சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிக்கிறது. ‘செல்லுக்குள் கால்சியம் ஏறுவதால்தான் அலர்ஜி’ என்று படித்தேன். அவளுக்கு எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா டாக்டர்?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நீங்கள் படித்தது சரிதான். ஆனால் மாத்திரைக்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமில்லை. செல்லுக்குள் இருப்பதைப்போல சுமார் 10,000 மடங்கு கால்சியம் எப்போதும் வெளியே நிற்கிறது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ரத்தத்தில் அதன் அளவைப் பாராதைராய்டு சுரப்பிகள் காத்துக்கொள்ளும். கதவை யார் திறக்கிறார் என்பதுதான் விஷயம்.

என் அப்பா தேவிபட்டினம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நீர்பாய்ச்சியாக இருந்தார். விடியும் முன்னே கண்மாய்க் கரையில் நடந்து, மடைக்கல்லில் ஈரம் எதுவரை நிற்கிறது என்று கையால் தடவிப் பார்ப்பார். மட்டம் இறங்கியிருந்தால் நேரே வரத்துக்கால் பக்கம் போய்விடுவார். உங்கள் மகளின் மாஸ்ட் செல்லிலும் (அலர்ஜியைக் கிளப்பும் நோய் எதிர்ப்புச் செல் அது) ஒரு நீர்பாய்ச்சி உண்டு. ஸ்டிம்1 என்ற புரதம் அது.

இறாலின் ட்ரோபோமயோசின் புரதம், மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டியிருக்கும் ஐ.ஜி.இ. எதிர்ப்புப் பொருள்களில் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடிக்கும். உடனே உள்ளே ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, செல்லுக்குள் இருக்கும் கண்மாயான எண்டோபிளாச வலையில் சேமித்த கால்சியத்துக்கு மடை திறக்கிறது. கண்மாய் வற்றுகிறது. ஸ்டிம்1 தன் மேல் ஒட்டியிருந்த கால்சியம் கழன்றதும் விரிந்து, கூட்டமாகச் சேர்ந்து, செல்லின் ஓரச் சவ்வுவரை நீண்டு, ஓராய்1 என்ற வாயிலைத் தொட்டுத் திறக்கிறது. வெளிக் கால்சியம் பாய்கிறது. வீக்கமும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் பொட்டலங்கள் உடைந்து கொட்டுகின்றன. உதடு வீங்குவது அதனால்தான்.

இந்த வாயிலை நாம் பகையாக நினைக்கவும் கூடாது. 2006-இல் ஓராய்1 கண்டுபிடிக்கப்பட்டதே, அது பழுதான குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பு அறவே குன்றியிருந்ததை ஆராய்ந்தபோதுதான். நோயை எதிர்க்கும் டி செல்களுக்கும் இதே வாயில் வேண்டும்.

இனி வீட்டு விஷயம். வேகவைத்தாலும் ட்ரோபோமயோசின் அழியாது. நண்டிலும் அதே வகைப் புரதம் இருக்கிறது. இறாலையும் நண்டையும் விடச் சொல்லுங்கள். மீனில் அலர்ஜி உண்டாக்குவது பெரும்பாலும் வேறு புரதம். ஆனாலும் ஒருமுறை அலர்ஜி மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை, கொட்டிவிட்ட ஹிஸ்டமின் வேலை செய்வதைத்தான் தடுக்கும், வாயிலை மூடாது. மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் எது வந்தாலும் மாத்திரைக்குக் காத்திராமல், அட்ரினலின் ஊசி போடும் மருத்துவமனைக்கு உடனே தூக்கிப் போங்கள்.

இன்னொன்று: வேலை முடிந்து வந்ததும் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள். இறால் வேகும் ஆவிகூடச் சிலருக்கு ஆகாது.