தலைவலிக்கு இரத்தம் சாட்சி சொல்லுமா?

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியையும் இரத்தப் பரிசோதனையையும் பற்றி வந்த நான்கு கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. மாதத்தில் நான்கைந்து நாள் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறது. வெளிச்சமும் சத்தமும் ஆகாது. வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் படுத்துக்கிடப்பேன். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே, பிறகு எப்படி வலிக்கும்?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். மைக்ரேனை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனை ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி

பதில்: இன்றைய நிலையில் இல்லை. சர்க்கரை நோய்க்கு எச்பிஏ1சி, மாரடைப்புக்கு ட்ரோபோனின் என்று இருப்பதுபோல, இரத்தத்தைப் பார்த்து 'இது மைக்ரேன்தான்' என்று சொல்லக்கூடிய பரிசோதனை எதுவும் மருத்துவ நடைமுறைக்கு வரவில்லை. ஆனால், அதை வைத்து உங்கள் வீட்டார் எடுத்திருக்கும் முடிவு தவறானது என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன். நார்மல் என்றால், அந்தப் பரிசோதனை எதைத் தேடியதோ அது அளவோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஹீமோகுளோபினையும் தைராய்டு சுரப்பையும் அளந்த தாளில் மைக்ரேன் எப்படித் தென்படும்?

மருத்துவர்கள் இந்த நோயை அறிவது நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான். சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகுத்திருக்கும் விதிகளின்படி, 'ஆரா' எனப்படும் முன்னறிகுறி இல்லாத மைக்ரேன் என்று சொல்வதற்குக் குறைந்தது 5 முறையாவது வலி வந்திருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் அது 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். ஒரு பக்கமாக வலிப்பது, துடிப்பாகத் தெறிப்பது, வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பது, நடந்தாலோ படி ஏறினாலோ கூடுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ, அல்லது வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலையோ இருக்க வேண்டும். வலிக்கு வேறு நோய் காரணமில்லை என்பதையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். இவற்றில் பெரும்பகுதி உங்கள் கடிதத்தின் முதல் சில வரிகளிலேயே இருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுசெல்லுங்கள். வலி தொடங்கிய நேரம், விட்ட நேரம், எந்தப் பக்கம், வாந்தி வந்ததா, மாதவிடாய் நாளா, முந்தைய நாள் காரணமில்லாமல் கொட்டாவியோ கழுத்துப் பிடிப்போ இருந்ததா, எந்த மாத்திரை எத்தனை என்று மூன்று மாதம் குறித்து வைத்தால், அந்தப் பக்கங்களைவிட நல்ல ரிப்போர்ட் எந்த ஆய்வகத்திலிருந்தும் கிடைக்காது. மாத்திரைக் கணக்கு மிக முக்கியம்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேன் வலியைத் தணிக்கும் டிரிப்டான் வகை மருந்தை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் எடுத்துவந்தால், அந்த மருந்தே தலைவலியை வளர்த்துவிடும்.

கேள்வி: உலகில் நூறு கோடிப் பேருக்கு இருக்கும் நோய் இது என்கிறார்கள். வலி வரும்போது சிஜிஆர்பி என்ற பொருள் இரத்தத்தில் கூடுகிறது என்றும் படித்தேன். அப்படியானால் அதையே அளந்து பார்த்துவிடலாமே?
– உயிர்வேதியியல் மாணவர் ஒருவர்

பதில்: மைக்ரேனின் பயோமார்க்கரை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் பொருளைத் தேடியவர்கள் எல்லோரும் முட்டி நின்ற கேள்வி இது. தேடல், நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனினில் தொடங்கியது. 1961இல் இத்தாலியின் சிக்குட்டேரி, வலி வரும்போது செரோட்டோனினின் சிதைவுப் பொருள் சிறுநீரில் கூடுவதைக் கண்டார்; 1967இல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் லான்ஸ் குழுவினர், அதே நேரத்தில் இரத்தத்தில் செரோட்டோனின் குறைவதைக் காட்டினர். டிரிப்டான் மருந்துகளுக்கு வழி திறந்தது இந்த ஆராய்ச்சிதான். ஆனால், உடலின் செரோட்டோனினில் மிகப் பெரும்பகுதி குடலில் உருவாகி, இரத்தத் தட்டணுக்களில் தங்குகிறது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டுவதில்லை. கையில் எடுத்த இரத்தத்தில் அதை அளந்து மூளையில் நடப்பதைச் சொல்ல இயலாது.

சிஜிஆர்பியின் கதை இன்னும் ஆழமானது. 37 அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சிறு புரதத் துண்டு 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு இதை வெளியிடுகிறது; அப்போது இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வலிச் செய்தி வலுப்பெறுகிறது. 1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் ஆகியோர், வலியின் நடுவே நோயாளிகளின் கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தத்தில் இது உயர்ந்திருப்பதைக் கண்டனர். அதே ஆய்வில், முழங்கை மடிப்பில் எடுத்த இரத்தத்தில் அந்த உயர்வு இல்லை! உங்கள் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. தலைப்பகுதியிலிருந்து திரும்பும் இரத்தத்தில் இருந்த தடயம், உடல் முழுவதும் சுற்றிவரும் இரத்தத்தில் கலந்து கரைந்துவிடுகிறது. கழுத்துச் சிரையில் ஊசி போடுவதை அன்றாடப் பரிசோதனையாக வைத்துக்கொள்ளவும் முடியாது.

அந்தக் கழுத்து இரத்தமும் எப்போதும் ஒரே விடையைத் தரவில்லை. 2005இல் டென்மார்க்கில், ஒரே நோயாளியிடம் வலியுள்ள நாளிலும் வலியில்லாத நாளிலும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டபோது உயர்வு எதுவும் தென்படவில்லை. 2013இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், நாட்பட்ட மைக்ரேன் உள்ள பெண்களுக்கு வலியில்லாத நேரத்திலும் கை இரத்தத்தில் சிஜிஆர்பி கூடுதலாக இருப்பதாக எழுதினர். பின்னர் வந்த ஆய்வுகளில் சில அதோடு ஒத்துவரவில்லை.

ஆய்வாளர்கள் திறமையில்லாதவர்கள் என்பதால் இந்த முரண் வரவில்லை. இரத்தம் பிடிக்கும் சோதனைக் குழாயையே சற்று அருகில் பாருங்கள். இரத்தத்தில் சிஜிஆர்பியின் அளவு ஏறத்தாழ 7 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்து முன்பே இடப்பட்ட குழாயில் இரத்தம் பிடித்து, உடனே பனிக்கட்டியில் நிறுத்தி, குளிரிலேயே சுழற்றி, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, உறைநிலைக்கு மிகக் கீழே சேமிக்க வேண்டும். ஓர் ஆய்வகத்தில் குழாயை எடுத்துச்செல்லச் சில நிமிடம் தாமதமானால், எண் மாறிவிடும். அளக்கும் கிட்டுகளும் ஒன்றுபோல் இல்லை. குடலிலும் இதயத்திலும் தோலிலும் உள்ள நரம்புகளும் சிஜிஆர்பியை வெளியிடுவதால், கிடைத்த எண்ணில் தலைக்குரிய பங்கு எவ்வளவு என்பதும் தெரியாது.

மாணவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். நோயுள்ள குழுவின் சராசரி, நோயில்லாத குழுவின் சராசரியைவிடக் கூடுதல் என்ற அளவோடு நின்றுவிடும் ஆய்வுகளை நீங்கள் நிறையப் படிப்பீர்கள். இரு குழுக்களின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்து கிடந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று அந்த எண் சொல்லாது. குழுவுக்குப் பொருந்துவது தனி மனிதருக்கும் பொருந்தினால்தான் அது பரிசோதனை.

இருந்தாலும் தேடல் வீண்போகவில்லை என்பது என் உறுதியான கருத்து. நோயைக் காட்டிக்கொடுக்காத அதே சிஜிஆர்பி, நோயைத் தணிக்கும் இலக்காக மாறியது: அது செல்களில் போய் ஒட்டும் இடமான ஏற்பியைத் தடுக்கும் எரெனுமேப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; கோட்ஸ்பி, எட்வின்சன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலேசன் ஆகிய நால்வரும் 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசைப் பெற்றனர். இனி, 'மைக்ரேன் உண்டா இல்லையா' என்று சொல்லும் பரிசோதனையைவிட, 'இந்த மருந்து இவருக்குக் கேட்குமா' என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை வந்தால் நோயாளிகளுக்கு உதவி அதிகம். ஒருவருக்கு மருந்து கேட்காது என்று தெரிவதற்குள் இன்று மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களின் வலி முழுவதும் அவருடையது.

கேள்வி: என் அம்மாவுக்கும் எனக்கும் மைக்ரேன் உண்டு. என் மகளுக்கும் வருமா என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாமா?
– இன்னொரு வாசகி

பதில்: வலியோடு உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும் அரிய குடும்ப வகைக்கு மட்டும் மூன்று முக்கிய மரபணுக்கள் தெரியும், அங்கே பரிசோதனைக்குப் பயன் உண்டு. பொதுவான மைக்ரேனுக்கு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து 2022இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 123 இடங்களைக் காட்டியது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் மிகச் சிறியது. உங்கள் குடும்ப வரலாறு சொல்வதற்கு மேல் இப்பரிசோதனை பெரிதாக எதையும் சொல்லிவிடாது.

கேள்வி: மைக்ரேனுக்கு இரத்தப் பரிசோதனை இல்லையென்றால், என் அம்மாவுக்கு மட்டும் மருத்துவர் ஏன் இஎஸ்ஆர், சிஆர்பி எடுக்கச் சொன்னார்? வயது 63. இதுவரை தலைவலியே வந்ததில்லை. இரண்டு வாரமாக நெற்றிப்பொட்டில் வலிக்கிறது, தலை சீவினால் தோல் எரிகிறது, சாப்பிடும்போது தாடை வலிக்கிறது என்கிறார்.
– ஒரு வாசகர்

பதில்: மருத்துவர் மைக்ரேனைத் தேடவில்லை; நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சியைத் தேடுகிறார். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியில், குறிப்பாக மெல்லும்போது தாடை வலித்தால், இதை நினைத்தே ஆக வேண்டும். இங்கே இரத்தம் பேசும்: அழற்சியைக் காட்டும் அந்த இரண்டு அளவுகளும் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். சிலருக்கு உயராமலும் இருக்கலாம் என்பதால், எண்களை மட்டும் பார்த்து மருத்துவர் முடிவெடுக்க மாட்டார். கண்ணுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பார்வை நிரந்தரமாகப் போய்விடும் ஆபத்து இருப்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவது வழக்கம். கடிதம் எழுதிய நாளில் பரிசோதனை எடுக்காமல் விட்டிருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள். பார்வை மங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அவரை நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.