ஜப்பானியப் பள்ளிகளில் பிரியாவிடைக்கு என்ன பாட்டுப் பாடுவார்கள்? எங்கள் ஜப்பானிய மொழி வகுப்பின் நிறைவு விழாவில் எதைப் பாடலாம்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 'தபிதாச்சி நோ ஹி நி' பாடுங்கள். 'புறப்படும் நாளில்' என்று பொருள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எதைப் பாட வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

நான் ஜப்பானுக்கு வந்த முதல் மாதம். இரவு, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் இதமாக ஒரு மெட்டு ஓடியது. எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று நானும் முணுமுணுத்தபடி அடுத்த வரிசைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கடையில் நான் ஒருவன்தான். வாசலில் இரண்டு ஊழியர்கள் குனிந்து வணங்கியபடி நிற்கிறார்கள். எனக்குத்தான் அந்த வணக்கம். கடையை மூடப்போகிறோம், கிளம்புங்கள் என்பதை அந்த மெட்டிலேயே சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் புரியவில்லை.

அது 'ஆல்ட் லாங் சைன்' என்ற ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டு. ஜப்பானில் அதற்கு 'ஹோத்தாரு நோ ஹிகாரி', மின்மினி வெளிச்சம், என்று பெயர். 1880களின் தொடக்கத்தில் அரசு வெளியிட்ட பள்ளிப் பாடல் தொகுப்பின் முதல் பாகத்திலேயே வந்துவிட்டது. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாத ஒருவன் மின்மினிகளைப் பிடித்துவைத்து அந்த வெளிச்சத்தில் படித்தான், இன்னொருவன் ஜன்னலோரப் பனியின் வெளிச்சத்தில் படித்தான் என்று பழைய சீனக் கதைகள் உண்டு. அப்படிப் படித்த நாட்கள் போய்விட்டன, இன்று பிரிகிறோம் என்பதுதான் பாட்டு. மொத்தம் நான்கு பத்திகள். கடைசி இரண்டும் நாட்டின் எல்லைகளைக் காப்பதைப் பற்றியவை, இப்போது அவற்றைப் பாடுவதில்லை.

ஒரு வேடிக்கை. கடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் பள்ளியில் பாடும் வடிவமே இல்லை. 1940இல் வந்த 'வாட்டர்லூ பிரிட்ஜ்' படத்தில் இதே மெட்டு மூன்று தட்டு வால்ட்ஸாக வரும். அந்தப் படம் ஜப்பானில் ஓடியபோது யூஜி கோசெகி என்ற இசையமைப்பாளர் அதைப் புதிதாக அமைத்து 'யூஜின் காஸ்மன்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார். வெள்ளைக்காரர் பெயர் போலத் தெரியும், ஆனால் யூஜி கோசெகியைத்தான் கொஞ்சம் திரித்திருக்கிறார்கள்! எந்த வடிவமானாலும், இந்த மெட்டைக் கேட்டால் ஜப்பானியர் கை தானாகவே பையைத் தேடும். உங்கள் ஆசிரியர் முன்னால் இதைப் பாடினால் கண் கலங்குவாரா, வாட்ச்சைப் பார்ப்பாரா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்தது 'அவோகேபா தோத்தோஷி'. 1884இல் அதே தொகுப்பின் மூன்றாம் பாகத்தில் வந்தது. அண்ணாந்து பார்க்கிறேன், என் குருவின் அருள் எவ்வளவு உயர்ந்தது என்று தொடங்கும். தாத்தா பாட்டிகளைக் கேட்டால் உடனே பாடிக் காட்டுவார்கள். மெட்டு யாருடையது என்று நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமலிருந்தது. 2011இல்தான் ஒரு ஜப்பானியப் பேராசிரியர் கண்டுபிடித்தார்: 1871இல் அமெரிக்காவில் அச்சான பள்ளிப் பாடல் புத்தகம் ஒன்றில் இதே மெட்டு இருந்தது.

மொழி படிப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன். இந்தப் பாட்டு முழுக்கப் பழைய இலக்கிய ஜப்பானியம். 'இமா கோசோ வகரேமே' என்று ஒரு வரி வரும். 'மே' என்பதைப் பிரியும் இடம், பிரியும் புள்ளி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் 'கோசோ' வந்தால் வினைமுற்றின் வடிவம் மாற வேண்டும் என்ற பழைய இலக்கண விதியால் வந்த 'மே' அது. 'இப்போதே பிரிவோம்' என்று பொருள். அதே போல 'இதோ தோஷி' என்றால் 'மிக வேகமாக'. வருடங்கள் ஓடிவிட்டன என்கிறது. பிள்ளைகள் காதில் அது 'அன்புக்குரிய' என்று விழும். நாம் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பொருள் தெரியாமல் காலையில் உரக்கப் பாடியது போலத்தான். மொழி பழையது, போதாக்குறைக்கு 'முன்னேறிப் பேர் வாங்கு' என்கிற அறிவுரை வேறு. அதனால் பல பள்ளிகள் இதைக் கைவிட்டுவிட்டன.

இப்போது 'தபிதாச்சி நோ ஹி நி'க்கு வருகிறேன். டோக்கியோவுக்கு வடமேற்கே, சைதாமா மாகாணத்தின் மலைப்பகுதியில் சிச்சிபு என்றொரு ஊர். அங்கே ககெமோரி நடுநிலைப் பள்ளி. அதன் தலைமை ஆசிரியர் நோபோரு கோஜிமா. முரட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியைப் பாட்டால் மாற்றலாம் என்று நம்பியவர். அவரும் இசை ஆசிரியை ஹிரோமி சகமோத்தோவும் சில வருடங்கள் பாடுபட்டுப் பிள்ளைகளைப் பாடவைத்தார்கள். 1991இல் அந்த வருட மாணவர்களுக்கு விடைகொடுக்க ஒரு பாட்டு வேண்டும், வரிகள் எழுதித் தாருங்கள் என்று ஆசிரியை கேட்டார். எனக்கு அதெல்லாம் வராது என்றார் அவர். ஆனால் மறுநாள் ஆசிரியையின் மேஜையில் வரிகள் இருந்தன. இசை அறையில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் மெட்டுப் போட்டுவிட்டதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஆசிரியர்கள் சேர்ந்து, மாணவர்களுக்குத் தெரியாமல் பழகி, விடைகொடுக்கும் விழா மேடையில் பாடினார்கள். ஒரே ஒரு முறை பாடுவதற்கென்று செய்த பாட்டு. கோஜிமா அந்த வருடமே ஓய்வு பெற்றுவிட்டார். பாட்டு மட்டும் பள்ளி பள்ளியாகப் பரவி நாடு முழுக்கப் போய்விட்டது. வெள்ளை வெளிச்சத்தில் மலைத்தொடர் துளிர்க்கிறது என்று தொடங்கும் வரி சிச்சிபு மலைகளைப் பார்த்து எழுதியது.

என் மகன் நடுநிலைப் பள்ளி முடித்தபோது இந்தப் பாட்டுத்தான். அந்த வருடம்தான் அவனுக்குக் குரல் உடைந்திருந்தது, ஆண் குரல் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மாதமாகக் குளியலறையில் அதையே பாடிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே எங்களுக்குக் கேட்டதெல்லாம் ஏற்றமே இல்லாமல் ஒரே இடத்தில் சுற்றும் ஏதோ ஒன்று. "இதையா ஊரே கொண்டாடுகிறது?" என்று மனைவி கேட்டாள்.

விழா மார்ச் மாதத்தில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். வீட்டிலிருந்து கொண்டுபோன செருப்பை மாற்றிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தோம். பியானோவில் ஒரு மாணவன், கையசைத்து நடத்த ஒரு மாணவி. பெண்கள் குரல் முதலில் எழுந்தது. அப்புறம் அடியிலிருந்து குளியலறையில் கேட்ட அந்தச் சுற்றல் வந்து சேர்ந்ததும்தான் அது எதற்கு இருக்கிறது என்று புரிந்தது. மனைவி என் கையைத் தட்டி, "அது அவன் பாடினதுதானே?" என்றாள். அழ மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் இரண்டாம் பத்தியில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

சினிமா, டிவி வழியாக வந்தவையும் நிறைய உண்டு. 'ஒகுரு கோத்தோபா' 1979இல் ஒரு பள்ளி ஆசிரியர் தொடருக்காக வந்தது; எழுதியவருக்கு உண்மையில் அது காதல் தோல்விப் பாட்டு. 'சாங்கட்சு கொகோனோகா', மார்ச் 9, ஒரு நண்பரின் கல்யாணத்துக்காக எழுதியது, 2004இல் வெளியானது. அடுத்த வருடம் ஒரு தொடரில் வகுப்பே சேர்ந்து பாடும் காட்சி வந்து, பள்ளிப் பாட்டாகிவிட்டது. ஆஞ்செலா அகியின் 'தெகாமி' (2008) பதினைந்து வயதுப் பிள்ளை எதிர்காலத் தனக்கு எழுதும் கடிதமும் அதற்கு வரும் பதிலும். அருமையான பாட்டு, ஆனால் ஒரே மூச்சில் நிறையச் சொற்கள், புதிதாகப் படிப்பவர்கள் திணறுவார்கள். சகுரா, அதாவது செர்ரிப் பூ, என்ற தலைப்பிலேயே ஏகப்பட்ட பாட்டுகள். சகுரா உதிர உதிரப் பிரிவதாக வரும். டோக்கியோ பக்கம் விழா நடக்கும் அன்று மரத்தில் மொட்டுத்தான் இருக்கும்!

சரி, பயிற்சி. 'தபிதாச்சி நோ ஹி நி' மெதுவாகத் தொடங்கிப் பிற்பாதியில் வேகம் எடுக்கும் பாட்டு, ஒரு அணி எடுத்துக்கொடுக்க இன்னொரு அணி பின்தொடரும். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள், 'ட்சுபாசா' (சிறகு) கண்டிப்பாக 'சுபாசா' ஆகிவிடும். ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவிலேயே படியுங்கள். கீழ்க்குரல் பகுதி கிடைத்தவர்கள், இது பாட்டு மாதிரியே இல்லையே என்று முதல் வாரத்திலேயே நழுவப் பார்ப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஒருமுறை பாடும் வரை அவர்களைப் பிடித்துவையுங்கள்.