ஆழமில்லாத ஆற்றில் வேட்டைக்கு எந்தப் படகு, எந்த மோட்டார்?

வாசகர் ஒருவரிடம் 14 அடி அலுமினியப் படகும் 25 குதிரைத்திறன் அவுட்போர்டும் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார்) இருக்கின்றன. படகின் அடி 'வி' வடிவம். இரண்டு பேராக மான் வேட்டைக்குப் போகிறார்கள், ஆற்றில் பாதித் தூரம் முழங்கால் தண்ணீர்தான், கீழே கூழாங்கல். புரொப்பல்லர் அடிபட்டுக்கொண்டே இருக்கிறதாம். இதே மோட்டாரில் புரொப்பல்லருக்குப் பதில் ஜெட் (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சிப் படகைத் தள்ளும் பம்பு) மாட்டினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. ஜெட் மாட்டினால் திறனில் சுமார் 30 சதவீதம் போய்விடும். 60 குதிரைத்திறன் இன்ஜினில் ஜெட் பொருத்தி 40 என்றுதான் விற்கிறார்கள், அந்தக் கணக்கில் உங்கள் 25 ஏறக்குறைய 17 ஆகிவிடும். காலையில் காலிப் படகில் போகும்போது இது தெரியாது. மாலையில் இரண்டு பேர், கூடாரம், பெட்ரோல், அதோடு இறைச்சி என்று ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் தெரியும். பெரிய மூஸ் மான் ஒன்று விழுந்தால் இறைச்சி மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். அதனால் படகை எப்போதும் திரும்பி வரும் பாரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

பாரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஜெட் படகு வேகமெடுத்து எழும்பி, தண்ணீரின் மேல் சறுக்கி ஓடும்போதுதான் சில அங்குல ஆழம் அதற்குப் போதும். வேகம் குறைந்ததும் படகு உட்கார்ந்துவிடும், மறுபடி எழும்ப அதைவிட நல்ல ஆழம் வேண்டும். மேடு வருகிறதே என்று பயந்து பாதியில் த்ராட்டிலை விட்டால் படகும் இறங்கும், திருப்பவும் முடியாது, ஏனென்றால் தண்ணீரைப் பீச்சினால்தான் ஜெட்டுக்குத் திசை. புதிதாக ஓட்டுபவர்கள் கல்லில் ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம் படகின் அடி. ஆழமான 'வி' அடி நிறையத் தண்ணீர் கேட்கும். அடி தட்டையாக, அணியத்தில் (படகின் முன்முனையில்) மட்டும் லேசான 'வி' இருக்கும் 16 முதல் 18 அடிப் படகு, அகலமாக, வெல்டிங் செய்த அலுமினியத்தில் பாருங்கள். கல்லில் உரசி உரசி ரிவெட் தளர்ந்து ஒழுகும் தொல்லை அதில் இல்லை. முழுத் தட்டை அடி வளைவில் பக்கவாட்டில் வழுக்கும், அதற்குப் பழக வேண்டும். இப்படிப்பட்ட படகுக்கு 60/40 ஜெட்டைத்தான் (60 குதிரைத்திறன் இன்ஜின், ஜெட்டோடு 40) குறைந்தபட்சம் என்பேன், பாரம் கூடினால் 90/65. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அதிகபட்சத் திறனையும் எடையையும் மட்டும் தாண்டாதீர்கள்.

ஜெட் சரளையையும் பாசியையும் உறிஞ்சும். திடீரென்று இன்ஜின் சத்தம் ஏறி வேகம் இறங்கினால் ஜெட் தண்ணீரை உறிஞ்சும் வாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உங்கள் ஆற்றில் சேறும் களையும்தான் அதிகம் என்றால் ஜெட் வேண்டாம், சேற்றிலும் ஓடும், நீண்ட தண்டுள்ள மட் மோட்டார்தான் சரி. சில ஆறுகளில் ஜெட்டுக்கே தடை உண்டு, மோட்டார் ஓடும்போது சுடவும் பல இடங்களில் அனுமதி இல்லை, முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். 20 லிட்டர் கேன் பத்தில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ. அதை ஏற்றி, நீங்கள் இருவரும் உட்கார்ந்து, நீரோட்டத்தை எதிர்த்து ஓட்டுங்கள். எழும்ப மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.