டீச்சரா, தெரபிஸ்டா? அம்பாசமுத்திரத்து அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணாச்சி, மகள் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) படிக்கணும் என்கிறாள், டீச்சர் வேலையிலும் ஆசை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 'மசாஜ் பண்ணுகிற வேலையா?' என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. எழுதுவது, உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைப் பிள்ளைகள் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை அது.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். வீட்டில் சோம்பேறி என்பார்கள். ஓ.டி. படித்தவர் நோட்டைப் பார்க்கும் முன் பெஞ்சுக்கு அடியில் பார்ப்பார். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிலைக்காது. உடம்பு ஆடினால் விரலுக்குப் பிடி வராது. காலுக்கு ஒரு பலகையைப் போட்டு, முழு கிரேயானை வாங்கிக்கொண்டு ஒடிந்த துண்டைக் கொடுப்பார். பொத்திப் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் மெல்லச் சேரும். பல்லாங்குழியில் புளியமுத்தை ஒவ்வொன்றாகப் போடுவதும் அங்கே சிகிச்சைதான். ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பட்டன் போடுவது, சோறு பிசைந்து உண்பது எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் பிரித்துப் பழக்குவார்கள்.

இதில் கற்பித்தல் எங்கே என்கிறீர்களா? பிள்ளை தெரபி அறையில் இருப்பது முக்கால் மணி, ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அம்மாவோடும் வகுப்பு டீச்சரோடும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர் இந்த வேலையில் தேற மாட்டார். கல்லூரியில் பாடம் நடத்த ஆசையென்றால் ஓ.டி. இளநிலைப் பட்டமான பி.ஓ.டி.க்குப் பிறகு முதுநிலைப் பட்டமான எம்.ஓ.டி. முடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், நடுவில் இரண்டு மூன்று வருடமாவது பிள்ளைகளோடு வேலை பார்க்கட்டும். கை அனுபவம் இல்லாமல் நடத்தும் பாடம் மாணவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பி.எட். சிறப்புக் கல்வி வேறு பாதை; அது இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) பதிவோடு வரும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியப் பணி. ஓ.டி. மருத்துவம் சார்ந்தது. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இதைத் தனி ஆணையத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. படிப்புக் காலம், நுழைவுத் தேர்வு விதிகளைச் சொந்தக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டைப் பாருங்கள். சில மாதச் சான்றிதழ் படிப்பை நம்பிப் பணம் கட்டவும் வேண்டாம்.

ஓ.டி. படிக்க வேலூர் சி.எம்.சி., கோவை கே.எம்.சி.ஹெச். மருத்துவமனைகளின் கல்லூரிகள் என்று வெளியூர் ஹாஸ்டலுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இராது. ஆனால் வேலைக்கு ஊர்ப்பக்கம் திரும்ப வழியுண்டு. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-இல் தொடங்கிய ஆய்க்குடி அமர் சேவா சங்கம் தென்காசிப் பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கேயோ தெரிந்த வேறு தெரபி மையத்திலோ முன்கூட்டி அனுமதி கேட்டு, லீவில் அவளைச் சில நாள் உட்காரச் சொல்லுங்கள். கத்தி அழும் பிள்ளை, எச்சில் ஒழுகும் பிள்ளை, மாதக்கணக்கில் ஒரே பயிற்சி எல்லாவற்றையும் பார்த்தபிறகும் இதே படிப்புதான் என்றால் தைரியமாக விண்ணப்பம் போடுங்கள். தயங்கினால் திட்டாதீர்கள், சிறப்புக் கல்வி பற்றிப் பேசலாம். மார்க் ஷீட்டோடு மகளையும் கூட்டி வாருங்கள்.