இல்லாத விரல் எரிகிறது என்றால்…

தாராவியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: சர்க்கரையால் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ராத்திரியானால் பெருவிரல் எரிகிறது, யாரோ முறுக்குகிறார்கள் என்கிறார். அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார். கண்ணாடி வைத்தால் குறையுமாமே, நிஜமா?

அப்பாவுக்குப் புத்தி பிசகவில்லை, முதலில் அதை அம்மாவிடம் சொல்லுங்கள். காலைத்தான் எடுத்தார்கள், மூளையில் அந்தக் காலுக்கு என்று இருக்கும் இடம் அப்படியே இருக்கிறது. அறுபட்ட நரம்பு நுனியும் சும்மா இருப்பதில்லை. 'அங்கே காலே இல்லையே' என்று வாதாடாதீர்கள், அப்புறம் வலித்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

கண்ணாடிப் பயிற்சி நிஜம்தான். 1990களில் அதைக் கொண்டுவந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன். எல்லாருக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான்.

பீரோ கண்ணாடி உதவாது. தனியாக ஒரு நீளக் கண்ணாடி வாங்கி ஓரமெல்லாம் டேப் ஒட்டுங்கள், மிச்சமிருப்பதும் சர்க்கரைக் கால், அதில் கீறல்கூட விழக்கூடாது. அப்பாவைக் காலை நீட்டி உட்கார வைத்து, பளபளப்பான பக்கம் வலது காலைப் பார்க்க, ஸ்டம்ப், அதாவது எடுத்த காலில் மிச்சமிருக்கும் பகுதி, பின்னால் மறைய, இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் நிறுத்துங்கள். அம்மாவே பிடித்துக்கொள்ளட்டும். வலது காலில் கருப்புக் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள், கண்ணாடியில் தெரிவது தன் இடது கால் என்று அவருக்குத் தோன்ற வேண்டுமே! வலது பாதத்தை மெதுவாக ஆட்டி, விரல்களை மடக்கி விரித்து, கண்ணாடிக்குள் இருக்கும் காலையே பார்த்துக்கொண்டு, இல்லாத காலையும் கூடவே அசைப்பதாக நினைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, தினம் பதினைந்து நிமிடம், நாலு வாரமாவது. முதல் நாள் சிலர் அழுதுவிடுவார்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

ஸ்டம்பை தினம் சோப்புப் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள், மும்பைப் புழுக்கத்தில் இதை விட்டால் தோல் ஊறிப்போகும். கிரேப் பேண்டேஜை (இழுத்தால் நீளும் துணிக்கட்டு) எட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றணும். தையல் நன்றாக ஆறியிருந்தால் பருத்தித் துணியால் மெல்லத் தேய்த்துப் பழக்குங்கள், தொட்டாலே துள்ளுவது குறையும். முழங்காலுக்கு அடியில் தலையணை மட்டும் வைக்காதீர்கள், பாவம் என்று எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள், முட்டி மடங்கியே நின்றுபோனால் செயற்கைக் கால் மாட்டுவது பெரிய பாடு.

சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. கபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டைலின் மாதிரி மருந்துகளை டாக்டர்தான் தரவேண்டும், முதல் இரண்டுக்கும் கிட்னி நிலையைப் பார்த்துத்தான் அளவு, மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டம்ப் சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பிசியோதெரபி, செயற்கைக் கால் இரண்டும் அங்கேயே உண்டு. பேண்டேஜ் சுற்றுவதை அங்கே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.